வீட்டுக் கணிப்பொறியில் ஓர் ஒளிபரப்பு நிலையம்

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர்களுக்குத் தமிழ்ச் சங்கம் என்பது வெறும் பொழுதுபோக்கிடம் அன்று. தில்லியிலும், மும்பையிலும், கொல்கத்தாவிலும், ஜாம்ஷெட்பூரிலும் பிறந்து வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் வேறு மொழி பயில்கிறார்கள். தெருவில் வேறு மொழி பேசுகிறார்கள். வீட்டை விட்டால், வாரம் ஒரு முறை சங்கத்தில் நடைபெறும் வகுப்பிலும், ஆண்டுக்குச் சில முறை வரும் பொங்கல் விழாவிலும் பாரதி விழாவிலுமே தமிழ் அவர்கள் காதில் விழுகிறது. வகுப்பு நடக்கும் கூடமோ நகரின் ஒரு கோடியில் இருக்கிறது. குடும்பங்கள் பல மற்றொரு கோடியில் இருக்கின்றன. போய் வருவதிலேயே அரை நாள் கழிந்துவிடுகிறது. நான்கு வாரம் தவறினால் குழந்தை வகுப்புக்கு வருவதே நின்றுபோகிறது. பின்னர், ஊரிலிருந்து பாட்டி எழுதியனுப்பும் நாலு வரியைக் கூட யாராவது படித்துச் சொல்ல வேண்டியதாகிறது.

இக்குறையை முற்றிலும் போக்க எந்த இயந்திரத்தாலும் இயலாது. ஆயினும் வகுப்பையும் விழாவையும் இல்லங்களுக்கே அனுப்பிவைக்கும் வழி இன்று உண்டு. அதற்கு வேண்டிய மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. அதனைக் கணிப்பொறியில் நிறுவுவது எப்படி, குறித்த நேரத்தில் அது தானே இயங்கும்படி ஏற்பாடு செய்வது எப்படி, எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை நேயர்களுக்கு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நிலையத்தின் உறுப்புகள்

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் தொடங்கிற்று. எந்த ஒலிபரப்பு நிலையத்துக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, பாடுவோரும் பேசுவோரும் அமரும் நிகழ்ச்சிக் கூடம். இரண்டாவது, எந்த ஒலியை எப்போது உயர்த்துவது, எதை அடக்குவது என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு அறை. மூன்றாவது, அலைகளை நாடெங்கும் செலுத்தும் ஒலிபரப்பி. அந்நாளில் இம்மூன்றையும் அமைக்க அரசாங்கத்தின் பொருளும் பொறியாளர்களின் உழைப்பும் தேவைப்பட்டன.

இணையவழி ஒளிபரப்பிலும் இம்மூன்று உறுப்புகளும் இருக்கின்றன. சங்கக் கூடமே நிகழ்ச்சிக் கூடம். ஒலிபரப்பியின் வேலையை யூடியூப் போன்ற சேவைகள் ஏற்றுக்கொள்கின்றன. நடுவிலுள்ள கட்டுப்பாட்டு அறைதான் நாம் கணிப்பொறியில் நிறுவப்போகும் மென்பொருள். அதன் பெயர் ஓபிஎஸ் ஸ்டூடியோ.

ஹியூ பெய்லி என்பவர் எழுதிய இம்மென்பொருளின் முதற்பதிப்பு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்ப் பல நாட்டு ஆர்வலர்களின் கூட்டுழைப்பால் அது வளர்ந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணிப்பொறிகளிலும் அது இயங்கும். இதனை இலவசம் என்று சொல்லும்போது இரண்டு பொருள்களில் சொல்கிறோம். விலை இல்லை என்பது ஒன்று. ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருப்பதால், அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பது மற்றொன்று. சில நாட்கள் மட்டும் வெள்ளோட்டத்துக்குக் கொடுத்து, பிறகு பணம் கேட்கும் மென்பொருள்களும் இலவசம் என்ற பெயரோடு உலவுகின்றன. அவை வேறு, இது வேறு.

நிறுவும் முறை

முதல் எச்சரிக்கை இங்கேயே தொடங்குகிறது. மென்பொருளை அதன் சொந்தத் தளமாகிய ஓபிஎஸ்புராஜெக்ட் டாட் காம் என்னும் முகவரியிலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். தேடல் தளத்தில் பெயரைத் தட்டினால் முதலில் தோன்றுவது பெரும்பாலும் விளம்பரம். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இவ்வாறு விளம்பர இடத்தில் இடம்பெற்ற போலித் தளங்கள், ஓபிஎஸ் போன்ற பெயர்பெற்ற இலவச மென்பொருள்களின் தோற்றத்தில், கடவுச்சொற்களைக் களவாடும் நிரல்களை வழங்கின. அதை நம்பி நிறுவிய ஒருவர் தம் கணக்குகளையும், கணிப்பொறி வழிக் காத்துவந்த செல்வத்தையும் இழந்த செய்தி அப்போது பலரறியப் பேசப்பட்டது. விலையற்ற பொருளுக்குப் போலி எதற்கு என்று எண்ணலாகாது. திருடன் நாடுவது மென்பொருளின் விலையை அன்று. நம் வங்கிக் கணக்கின் சாவியை.

உண்மையான தளம் திறக்காத காலத்திலும் நிதானம் வேண்டும். விஎல்சி என்னும் புகழ்பெற்ற இலவசப் படக்காட்டியின் தளம் 2022ஆம் ஆண்டில் பல மாதங்கள் நம் நாட்டில் தடைப்பட்டிருந்தது. அதனை வெளியிடும் வீடியோலேன் அமைப்பு அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பிய பின், அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிற்று. இத்தகைய இடைவேளைகளில்தான் முகமறியாத தளங்கள் அதே பெயரில் ஏதேதோ கொடுக்க முன்வரும். பொறுத்திருந்தால் நட்டமொன்றும் இல்லை.

விண்டோஸ் கணிப்பொறி வைத்திருப்போர் 10ஆம் பதிப்போ 11ஆம் பதிப்போ உடையவர்களாய் இருத்தல் வேண்டும். 7, 8 ஆகிய பழைய பதிப்புகளுக்கான ஆதரவை ஓபிஎஸ் 2022ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. 10ஆம் பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதை நினைவில் கொள்க. சங்கத்தின் பழைய கணிப்பொறியில் புதிய விண்டோஸ் ஏறாவிட்டால், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையை நிறுவி, அதன்மேல் ஓபிஎஸ் நிறுவிக்கொள்ளலாம். அதற்கும் விலை இல்லை.

இறக்கிய கோப்பைத் திறந்தவுடன், கணிப்பொறி அனுமதி கேட்கும். அப்பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 'அறியப்படாதவர்' என்று கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பின்னர் வரும் கேள்விகளுக்கு 'நெக்ஸ்ட்' என்று விடை தந்துகொண்டே போனால் சில நிமிடங்களில் வேலை முடியும். முதன்முறை திறக்கும்போது, தானே அமைப்பைத் தேர்ந்துகொள்ளும் உதவிப் பகுதி ஒன்று தோன்றும். அதற்கு இசைவு தந்தால், கணிப்பொறியின் வலிமையையும் இணையத்தின் வேகத்தையும் சோதித்து, பொருத்தமான அளவுகளை அதுவே நிரப்பிவைக்கும்.

காட்சியும் மூலமும்

ஓபிஎஸ் திரையின் கீழ்ப்பகுதியில் 'சீன்ஸ்', 'சோர்ஸஸ்' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். முன்னது காட்சிகள், பின்னது மூலங்கள். நாடகத்தில் திரைச்சீலை மாறுவது போன்றது காட்சி. ஒவ்வொரு காட்சியிலும் வைக்கப்படும் கேமரா, ஒலிவாங்கி, படம், எழுத்து ஆகியவை மூலங்கள்.

தமிழ் வகுப்புக்கு இரண்டு காட்சிகள் போதும். முதற்காட்சிக்கு 'வரவேற்பு' என்று பெயரிடுங்கள். அதில் சங்கத்தின் பெயரும், 'வகுப்பு 10 மணிக்குத் தொடங்கும்' என்ற அறிவிப்பும் அடங்கிய ஒரே ஒரு படத்தை மட்டும் வையுங்கள். இரண்டாவதற்கு 'வகுப்பு' என்று பெயரிடுங்கள். அதில் கேமராவையும் ஒலிவாங்கியையும் சேருங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அமைப்புப் பகுதியில் பொது ஒலிச் சாதனமாக ஒலிவாங்கியைக் குறித்துவிட்டால், அது எல்லாக் காட்சிகளிலும் உயிரோடு இருக்கும். வரவேற்புப் படம் மட்டும் திரையில் தெரிய, கூடத்தில் நடக்கும் தனிப்பேச்செல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆகையால் பொது ஒலிச் சாதனங்களை நிறுத்திவிட்டு, வகுப்புக் காட்சியின் மூலமாக மட்டுமே ஒலிவாங்கியைச் சேர்க்க வேண்டும். இதன் பயன் பின்னால் நன்கு விளங்கும்.

யூடியூபில் நேரடி ஒளிபரப்பு உரிமையை முதன்முறை கேட்கும்போது, அது கைகூட 24 மணி நேரம் வரை ஆகலாம். எனவே விழா நாளன்று காலையில் தொடங்குவது கூடாது. சில நாட்களுக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். அது கிடைத்தபின் 'ஸ்ட்ரீம் கீ' என்னும் நீண்ட இரகசியக் குறியீடு ஒன்று வழங்கப்படும். அதை ஓபிஎஸ் அமைப்பில் உரிய இடத்தில் ஒட்டிவிட்டால், கட்டுப்பாட்டு அறைக்கும் ஒலிபரப்பிக்கும் தொடர்பு ஏற்பட்டுவிடும். அக்குறியீடு யார் கையில் கிடைத்தாலும், அவர் நம் சங்கத்தின் பெயரால் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்ப முடியும். ஆகவே அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும், திரையில் தெரியவிடுவதும் தகா. கைமாறிவிட்டதாக ஐயம் எழுந்தால், பழையதை நீக்கிப் புதியது பெற்றுக்கொள்ளலாம்.

இணையத்தின் வேகமும் செலவும்

இணைய வேகம் என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் நாம் பெறும் வேகத்தையே. ஒளிபரப்புக்கு வேண்டியதோ நாம் அனுப்பும் வேகம். 1280க்கு 720 என்னும் அளவுள்ள படத்தை வினாடிக்கு 30 சட்டங்களாக அனுப்ப, படத்துக்கு 2,500 கிலோபிட்டும் ஒலிக்கு 160 கிலோபிட்டும் வைத்துக்கொண்டால் வகுப்புக்குப் போதுமான தெளிவு கிட்டும். இணையத்தில் ஏற்ற இறக்கம் இருக்குமாதலால், அனுப்பும் வேகம் இதைப் போல் இருமடங்காக, அதாவது வினாடிக்கு 5 மெகாபிட் அளவில் இருப்பது நலம்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். வினாடிக்கு 2,660 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.2 கிகாபைட் ஆகிறது. ஒன்றரை மணி வகுப்புக்கு 1.8 கிகாபைட். நாளொன்றுக்கு 1.5 கிகாபைட் என்ற வரம்புள்ள கைப்பேசி இணைப்பை நம்பித் தொடங்கினால், பாடம் முடியுமுன்பே இணைப்பு தளர்ந்துவிடும். கம்பிவழி இணைப்பே இதற்கு ஏற்றது. கணிப்பொறிக்கும் இணையப் பெட்டிக்கும் இடையிலும் கம்பியே இருந்தால் தடங்கல் குறையும்.

ஒளிபரப்போடு பதிவும் செய்துகொள்ள விரும்புவோர், எம்கேவி என்னும் கோப்பு வடிவைத் தேர்ந்துகொள்ளலாம். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டாலும் அதுவரை பதிவான பகுதி கெடாமல் இருக்கும். பின்னர் ஓபிஎஸ் மூலமாகவே அதனை எம்பி4 வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தானே இயங்கும் ஏற்பாடு

சங்கங்களில் பணியாற்றுவோர் பெரும்பாலும் ஊதியமின்றித் தொண்டு செய்பவர்கள். ஒருவர் தாமதமாக வந்தால் ஒளிபரப்பும் தாமதமாகிறது. எதிர்பார்த்திருந்த குழந்தைகள் எழுந்து போய்விடுகிறார்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் தவறாமல் ஒலிப்பதனாலன்றோ வானொலியின் மேல் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது! அந்த ஒழுங்கைக் கணிப்பொறியிடமே ஒப்படைக்க வழியுண்டு.

குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் ஏற்பாடு கணிப்பொறியுலகில் பழமையானது. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'கிரான்' என்னும் காலங்காட்டிப் பணியாள் இருந்தது. இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகளிலும் அதன் வழித்தோன்றல்கள் இருக்கின்றன. அதற்குக் கட்டளையிடும் முறை சுவையானது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில் ஐந்து இடங்கள். '45 9 * * 0' என்று எழுதினால், எம்மாதமாயினும் எத்தேதியாயினும், ஞாயிறுதோறும் காலை 9 மணி 45 நிமிடத்துக்கு என்று பொருள். உடுக்குறி இட்ட இடத்தில் வரையறை இல்லை. சுழியம் என்பது ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வோர் இரவும் பதிவுகளை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்துவைப்பது போன்ற வேலைகளுக்கு இது மிகவும் ஏற்றது.

விண்டோஸில் இதே பணியைச் செய்வது 'டாஸ்க் ஷெட்யூலர்'. அது கணிப்பொறியோடு கூடவே வருவதால், தனியே நிறுவ வேண்டியதில்லை. அதைத் திறந்து புதிய பணி ஒன்றைத் தொடங்கி, வாரந்தோறும் ஞாயிறு 9.45 என்று நேரம் குறியுங்கள். இயக்க வேண்டிய நிரல் என்ற இடத்தில் ஓபிஎஸ் நிரலைக் காட்டுங்கள். அதன் கீழே இரண்டு சிறு கட்டங்கள் உண்டு. பலர் தடுமாறுவது அங்கேதான்.

முதற்கட்டத்தில் ஓபிஎஸுக்கு உரிய கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன் இரண்டு சிறு கோடுகள் இடுக. 'ஸ்டார்ட்ஸ்ட்ரீமிங்' என்று இடைவெளியின்றி எழுதினால், திறந்தவுடன் ஒளிபரப்பு தொடங்கும். 'சீன்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, மேற்கோள் குறிகளுக்குள் காட்சியின் பெயரைக் கொடுத்தால், அந்தக் காட்சியோடு தொடங்கும். நாம் கொடுக்க வேண்டியது 'வரவேற்பு' என்னும் பெயர். இரண்டாவது கட்டம், நிரல் எந்த அடைவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குறிப்பது. அதை வெறுமையாக விட்டால், மொழிக் கோப்பைக் காணவில்லை என்று சொல்லி ஓபிஎஸ் நின்றுவிடும். நிரல் இருக்கும் அடைவின் முழு முகவரியை அங்கே தரவேண்டும்.

பணியைச் சேமித்த பிறகு அதன் பண்புகளை மீண்டும் திறந்து, நிபந்தனைகள் என்னும் பக்கத்தைப் பாருங்கள். மின்கம்பி இணைந்திருந்தால் மட்டுமே பணி தொடங்கும் என்ற நிபந்தனை முன்னதாகவே குறிக்கப்பட்டிருக்கும். மடிக்கணினியின் கம்பியை யாரேனும் கழற்றியிருந்தால் ஒளிபரப்பு தொடங்காததற்கு இதுவே காரணம். உறங்கும் கணிப்பொறியை எழுப்பும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. முழுவதும் அணைக்கப்பட்ட கணிப்பொறியை அது எழுப்பாது. உரியவர் உள்நுழைந்த நிலையிலேயே கணிப்பொறி இருக்க வேண்டும். யூடியூப் கணக்கை ஓபிஎஸோடு நேரடியாக இணைத்தால், தொடங்குமுன் எந்த ஒளிபரப்பு என்று அது கேட்டு நிற்கும். ஆதலால் தானியங்கு முறைக்கு இரகசியக் குறியீட்டு வழியே பொருத்தம்.

தொடங்கிவைத்ததை முடித்துவைக்கவும் வேண்டுமல்லவா? ஓபிஎஸின் 'டூல்ஸ்' பட்டியலில் 'அவுட்புட் டைமர்' என்பது இருக்கிறது. இரண்டு மணி நேரம் என்று குறித்து, ஒவ்வொரு முறையும் இது செயற்படுக என்ற கட்டத்தையும் தேர்ந்துவிட்டால், எல்லோரும் மறந்து போனாலும் ஒளிபரப்பு தானே நின்றுவிடும்.

மனிதர் செய்ய வேண்டியது

இயந்திரம் நேரத்தை அறியும், சூழ்நிலையை அறியாது. ஆசிரியர் வராத ஞாயிறும் அதற்கு ஞாயிறே. கூடத்தில் எவரோ உடை மாற்றிக்கொண்டிருந்தாலும், குடும்பத்தார் தம் சொந்த விவகாரம் பேசிக்கொண்டிருந்தாலும், 9.45 ஆனவுடன் அது தன் கடமையைச் செய்துவிடும். இதற்காகவே கேமராவும் ஒலிவாங்கியும் இல்லாத வரவேற்புக் காட்சியை முதலில் வைத்தோம். இயந்திரம் திறப்பது வாசல் மட்டும். 10 மணிக்கு ஆசிரியர் வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, தம் கையாலேயே வகுப்புக் காட்சியை அழுத்தும்போதுதான் உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எக்காலத்தும் இயந்திரத்திடம் விடாதீர்கள்.

குழந்தைகள் பங்குகொள்ளும் வகுப்பை உலகம் முழுவதும் காணும்படி விடுவதும் முறையன்று. யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்ற நிலையைத் தேர்ந்தால், இணைப்பு முகவரி பெற்றவர்கள் மட்டுமே காண்பார்கள். தேடுவோர் கண்ணில் படாது. அம்முகவரியும் கைமாறக்கூடியதாகையால், குழந்தைகளின் முகத்தை விடக் கரும்பலகையையும் ஆசிரியரையும் காட்டுவதே சிறப்பு. பெற்றோரின் இசைவை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். 2025 ஜூலை முதல், 16 வயது நிரம்பாதவர் தாமே யூடியூபில் நேரடி ஒளிபரப்பு நடத்துவதற்கு இடமில்லை. கணக்கு பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும்.

விழாக்களில் இசை பற்றியும் கவனம் தேவை. பாரதியார் 1921ஆம் ஆண்டில் மறைந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரையே நூலுரிமை நிலைக்குமாதலால், அவருடைய பாடலை நம் குழந்தைகள் தங்கள் குரலில் பாடுவதற்குத் தடையில்லை. ஆனால் அதே பாடலின் திரைப்பட மெட்டுக்கும் இசைப்பதிவுக்கும் தனித்தனியே உரிமையாளர்கள் உண்டு. அப்பதிவை ஒலிக்கவிட்டு நடனம் ஆடினால், யூடியூபின் தானியங்குச் சோதனை அதைக் கண்டறிந்து ஒளிபரப்பையே நிறுத்திவிடக்கூடும். குழந்தை சுருதி சற்றுப் பிசகிப் பாடினாலும் அது நம் சொந்தக் குரல். அதை எவரும் தடுக்க இயலாது.

புதிதாகத் தொடங்குவோர் முதல் நான்கு வாரங்களேனும், ஏற்பாடு தானே இயங்குகிறதா என்று ஒருவரை அருகிலிருந்து கவனிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு பற்றியோ, முன்முறை சரிவர மூடப்படாதது பற்றியோ, திறக்கும்போது ஓபிஎஸ் சில வேளைகளில் கேள்வி கேட்டு விடைக்குக் காத்து நிற்கும். அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

நகரின் மறு கோடியிலுள்ள வீட்டில், ஞாயிறு காலை சரியாக 9.45க்குச் சங்கத்தின் பெயர் திரையில் தோன்றட்டும். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு 'அ' என்று எழுதும் ஆசிரியரின் கை தெரியட்டும். வாரந்தவறாமல் இது நடந்துவருமானால், வகுப்புக்கு வர இயலாத குழந்தையின் கையிலும் அந்த எழுத்து மெல்ல மெல்லப் படியும்.